உம்ராவோடு இஸ்தான்பூல்: டோப்காபி அருங்காட்சியகத்தைக் குடும்பத்துடன் பார்ப்பது எப்படி?



உம்ரா முடித்து ஊர் திரும்பும் வழியில் துருக்கியையும் பார்த்துவிட்டு வருவது நம் குடும்பங்களிடையே பெருகி வருகிறது. அப்படிச் செல்வோர் மனதில் முதலிடம் பிடிப்பது இஸ்தான்பூலின் டோப்காபி அரண்மனை. நபி (ஸல்) அவர்களுடையவை என்று போற்றிப் பாதுகாக்கப்படும் பொருட்கள் அங்கே இருப்பதுதான் காரணம். ஆனால் உலகின் மிக நெரிசலான அருங்காட்சியகங்களுள் அதுவும் ஒன்று. திட்டமில்லாமல் போனால் மதில் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

இதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உம்ரா குழுவுக்கு வழிகாட்டியாகச் சென்றிருந்தோம். பயண நிரலில் "டோப்காபி அரண்மனை பார்வையிடல்" என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். பேருந்து இறக்கிவிட்டது. முதல் முற்றத்தில் நடந்தோம், இரண்டாம் வாசலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் பேருந்துக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஓர் உம்மா எம்மிடம் வந்து, "ஹஜ்ரத், ரசூலுல்லாஹ்வுடைய ஜுப்பா எந்தப் பக்கம்?" என்று கேட்டார். உள்ளே செல்லும் டிக்கெட் நம் தொகையில் சேரவில்லை என்பது அப்போதுதான் எமக்கே தெரிந்தது. வரிசையோ வாசலைத் தாண்டி வளைந்து நின்றது. அந்த உம்மாவுக்கு மறுபடி ஒரு பயணம் வாய்க்கவில்லை. நிரலை முன்கூட்டியே வரி வரியாகப் படிக்காதது எம் தவறு. அந்தத் தவறு இன்னொரு குடும்பத்துக்கு நேரக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது என்ன இடம்?

கான்ஸ்டான்டிநோபிளை 1453-இல் வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது (ஃபாத்திஹ்) எழுப்பிய அரண்மனை இது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் உஸ்மானியப் பேரரசின் இதயமாக இருந்தது. 1856-இல் அரச குடும்பம் டோல்மாபாஹ்சே அரண்மனைக்குக் குடிபெயர்ந்தது. குடியரசு பிறந்த மறு ஆண்டு, 1924 ஏப்ரல் 3-இல், டோப்காபியை அருங்காட்சியகமாக்க முடிவெடுக்கப்பட்டது. 2019 முதல் துருக்கியின் தேசிய அரண்மனைகள் நிர்வாகம் இதைக் கவனித்து வருகிறது.

ஒரே பெரிய கட்டடம் என்று எண்ணிப் போகாதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முற்றங்கள். அவற்றைச் சுற்றிச் சிறுசிறு மண்டபங்கள்.

முதல் முற்றம்: பாபே ஹுமாயூன் வாசல் வழியே நுழையலாம். டிக்கெட் தேவையில்லை. ஹகியா ஐரீன் என்னும் பழைய பைசாந்தியத் தேவாலயம் இங்கே உள்ளது. "பார்வையிடல்" என்று எழுதிய நிரல்கள் பல இங்கேயே முடிந்துவிடுகின்றன.

இரண்டாம் முற்றம்: பாபுஸ் ஸலாம் வாசலில் டிக்கெட் சோதனை. மந்திரி சபை கூடிய குப்பே ஆல்தி மண்டபம், அரண்மனைச் சமையற்கூடங்கள், அங்கே வைக்கப்பட்டுள்ள சீனப் பீங்கான் பாத்திரங்கள், ஹரம் பகுதியின் நுழைவாயில் ஆகியவை இங்கே.

மூன்றாம் முற்றம்: பாபுஸ் ஸஆதா வாசலைக் கடந்தால் சுல்தானின் சபைக்கூடம், கருவூலம், புனிதப் பொருட்கள் அறை.

நான்காம் முற்றம்: தோட்டங்களும் மாடங்களும். பாஸ்பரஸ் நீரிணையின் காட்சி. களைத்த பிள்ளைகளை உட்கார வைக்க ஏற்ற இடம்.

முன்பதிவு: நாள், டிக்கெட், வழிகாட்டி

முதலில் நாள். செவ்வாய்க்கிழமை டோப்காபி விடுமுறை. இதைப் பயண முகவரே சில வேளை மறந்துவிடுகிறார். இரு பெருநாட்களின் முதல் நாளில் நேரம் மாறும். திங்களும் புதனும் விடுமுறையை ஒட்டிய நாட்கள் என்பதால் கூட்டம் அதிகம் இருக்கக்கூடும். இயன்றால் வியாழன் காலையைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நெரிசல் கடுமை. குளிர்காலத்தில் வரிசை குறையும், ஆனால் பகல் பொழுதும் குறையும்.

அடுத்து டிக்கெட். அரண்மனை, ஹரம், ஹகியா ஐரீன் மூன்றையும் சேர்த்த கூட்டு டிக்கெட் உண்டு. கட்டணம் அடிக்கடி மாறுகிறது. ஆகவே பழைய பயணக் குறிப்பில் கண்ட தொகையை நம்பாமல், தேசிய அரண்மனைகள் நிர்வாகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அன்றைய விலையைப் பாருங்கள். எந்தப் பகுதி பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கருவூலம் பார்க்க ஆசைப்பட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பது வருத்தம் தரும்.

"வரிசையில் நிற்க வேண்டாம்" என்று விளம்பரம் செய்யும் டிக்கெட்டுகள் நிறைய விற்கப்படுகின்றன. அவை தவிர்ப்பது டிக்கெட் வாங்கும் வரிசையை மட்டுமே. பாதுகாப்புச் சோதனை வரிசையிலும், உள்ளே புனிதப் பொருட்கள் அறையின் வரிசையிலும் எல்லோரும் நிற்கத்தான் வேண்டும். இது தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

மூன்றாவது வழிகாட்டி. துருக்கியில் சுற்றுலா வழிகாட்டுவது உரிமம் பெற்ற தொழில். உரிமம் துருக்கிக் குடிமக்களுக்கே தரப்படுகிறது. ஆகவே நம்மூரிலிருந்து உடன்வரும் ஆலிமோ குழுத் தலைவரோ அங்கே சட்டப்படி வழிகாட்டி ஆகமாட்டார். உரிமம் பெற்ற ஒருவர் ஆங்கிலத்தில் விளக்குவார். நம்மவர் தமிழில் சுருக்கிச் சொல்வார். இதுதான் நடைமுறை. வழிகாட்டியின் உரிம அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வாசலில் தாமாக வந்து பேச்சுக் கொடுப்பவர்களிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வழிகாட்டியிடம் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: நெரிசலான அறைகளுக்குள் நின்று பேச முடியாது. விளக்கம் முழுவதையும் முற்றத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு உள்ளே அனுப்பும்படி கேளுங்கள். குழு பெரிதானால் காதில் மாட்டும் ஒலிக்கருவி உண்டா என்று முன்பே விசாரியுங்கள். இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் ஆண்களுக்கு மட்டும் கேட்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் தாய்க்கு ஒன்றும் கேட்காது.

அன்றைய நிரல்

அரண்மனைக்கு டி1 டிராமில் சுல்தானஹ்மத் நிறுத்தத்தில் இறங்கி நடப்பது எளிது. குல்ஹானே நிறுத்தத்திலும் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து மேட்டில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது உகந்ததல்ல.

கதவு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். உள்ளே நுழைந்ததும் பெரும்பாலோர் கண்ணில் முதலில் படுவதை நோக்கிப் போவார்கள். நீங்கள் நேரே மூன்றாம் முற்றத்துக்குப் போய்ப் புனிதப் பொருட்கள் அறையை முதலில் பாருங்கள். பேருந்துக் குழுக்கள் வந்து சேர்ந்த பின் அந்த வரிசை நீண்டுவிடும். அடுத்து கருவூலம். பிறகு நான்காம் முற்றத்தில் ஓய்வு. திரும்பும் வழியில் சமையற்கூடங்கள், கடைசியாக ஹரம். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க மூன்று முதல் நான்கு மணி நேரம் வேண்டும். முகவர் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் ஹரமை விட்டுவிடுங்கள். புனிதப் பொருட்கள் அறையை விடாதீர்கள்.

தரை பல இடங்களில் கல் பாவியது, மேடு பள்ளமானது. ஹரமில் படிகளும் குறுகிய நடைகளும் உண்டு. சக்கர நாற்காலியும் கைக்குழந்தை வண்டியும் எல்லா இடத்துக்கும் போகா. முதியவர்களுடன் செல்பவர்கள் குடும்பத்தில் ஒருவரை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். வழி தவறினால் சந்திக்கும் இடமாகப் பாபுஸ் ஸஆதா வாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள். சிறுவர் சலுகைக்கு வயதுச் சான்று கேட்பார்கள் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

புனிதப் பொருட்கள் அறை

இது சுல்தான்களின் அந்தரங்க மாளிகையாக இருந்தது. 1517-இல் சுல்தான் முதலாம் ஸலீம் எகிப்தை வென்றபின் இப்பொருட்கள் இஸ்தான்பூலுக்கு வரத் தொடங்கின. முதல் உலகப் போரின்போது மதீனாவைக் காத்த தளபதி ஃபஹ்ருத்தீன் பாஷா அங்கிருந்தும் பல பொருட்களை அனுப்பிவைத்தார். ரமளான் 15-ஆம் நாள் சுல்தான்கள் இங்கு வந்து மரியாதை செய்வது வழக்கம். பொதுமக்களுக்கு இந்த அறை 1962-இல் திறக்கப்பட்டது. ஹாஃபிழ்கள் இங்கே தொடர்ந்து குர்ஆன் ஓதுகிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. ஆண் பெண் இருபாலரும் உடலை மறைத்த உடையில் செல்ல வேண்டும். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, ஸலவாத் ஓதிக்கொண்டு நுழையுங்கள்.

ஜுப்பாவை நேரில் காணலாம் என்று எண்ணிச் செல்வோருக்கு ஒரு சொல். அது பேழைக்குள் பாதுகாக்கப்பட்டுள்ளது. பேழையைத்தான் பார்க்கிறோம். கவிஞர் கஅப் பின் ஸுஹைர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் போர்த்திய மேலாடை இது என்பது உஸ்மானிய மரபு. நம் ஊர்களில் மஜ்லிஸ்களில் ஓதப்படும் புர்தா, இமாம் பூஸீரி 13-ஆம் நூற்றாண்டில் இயற்றியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதே போல், உவைஸுல் கர்னி (ரஹ்) அவர்களுக்குரியதாகச் சொல்லப்படும் இன்னொரு மேலாடை, இஸ்தான்பூலின் ஃபாத்திஹ் பகுதியிலுள்ள ஹிர்கா ஷரீஃப் பள்ளிவாசலில் இருக்கிறது. அது ரமளானில்தான் காட்டப்படும்.

வாள்கள், கஅபாவின் சாவிகள், கஅபாவின் பழைய நீர்த்தாரை, முகவ்கிஸுக்கு எழுதிய கடிதம் என்று குறிக்கப்படும் தோல் ஆகியவையும் இங்கே உண்டு. மூஸா (அலை) அவர்களின் கைத்தடி, யூசுஃப் (அலை) அவர்களின் தலைப்பாகை என்று எழுதப்பட்டவையும் உண்டு. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: "இதெல்லாம் நிஜமாகவே அவர்களுடையதா?" அந்தக் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். ஹதீஸைக்கூட அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பிறகே ஏற்ற உம்மத் நாம். அதே அளவுகோல் பொருட்களுக்கும் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். உஸ்மான் (ரலி) அவர்களின் முஸ்ஹஃப் என்று நெடுங்காலம் போற்றப்பட்ட ஒரு பழைய குர்ஆன் பிரதி டோப்காபியில் உள்ளது. துருக்கியின் சமய விவகாரத் துறைத் தலைவராக இருந்த அறிஞர் தய்யார் அல்திகுலாச் அதை எழுத்து எழுத்தாக ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். அது உஸ்மான் (ரலி) அனுப்பிய பிரதிகளில் ஒன்றல்ல, சற்றுப் பிந்தையது என்பது அவர் முடிவு. ஆயினும் மிகத் தொன்மையானது. அதன் வாசகம் இன்று நாம் ஓதும் குர்ஆனோடு ஒத்திருப்பதையும் அவர் ஆய்வு காட்டியது. உண்மையைத் தேடியதால் ஈமானுக்குக் குறைவு வரவில்லை.

ஆகவே பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லலாம்: "சிலவற்றுக்கு வரலாற்றுச் சான்று வலுவாக இருக்கிறது, சிலவற்றுக்கு மரபு மட்டுமே இருக்கிறது. நாம் நேசிப்பது நபியை (ஸல்). கேட்பது அல்லாஹ்விடம் மட்டும்." ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்பதை அறிந்தே அப்படிச் செய்வதாகச் சொன்னதை நினைவூட்டுங்கள்.

ஹரம் என்றால்?

திரைப்படங்கள் கெடுத்து வைத்திருக்கும் சொல் இது. பிறர் நுழையத் தடை செய்யப்பட்ட இடம் என்பதே பொருள். சுல்தானின் தாய், மனைவியர், பிள்ளைகள், பணிப்பெண்கள் வாழ்ந்த குடும்ப இல்லம் இது. முந்நூறுக்கும் மேற்பட்ட அறைகளில் ஒரு பகுதிதான் திறந்திருக்கும். இஸ்னிக் நகரத்து நீலப் பூ ஓடுகளைப் பார்க்கவே இங்கு போகலாம்.

தொழுகை

லுஹர் நேரம் பயணத்தின் நடுவே வரும். வெளியே வந்தால் சுல்தானஹ்மத் பள்ளிவாசலும் ஆயா சோஃபியாவும் நடந்து செல்லும் தூரம். 2020 முதல் ஆயா சோஃபியா மீண்டும் பள்ளிவாசல். தொழச் செல்வோர் கீழ்த்தளத்துக்குக் கட்டணமின்றிப் போகலாம். சுற்றிப் பார்க்க வருவோருக்கு மேல்மாடத்துக்குத் தனிக் கட்டணம். பயணியாகிய ஷாஃபிஈகள் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகள் சுருக்குவார்கள், சேர்க்கமாட்டார்கள். இரு மத்ஹபினரும் உள்ள குழுவில் இதைக் காலையிலேயே பேசி முடிவெடுத்துவிட்டால் வாசலில் வாக்குவாதம் இராது. வெள்ளிக்கிழமை சென்றால் ஜும்ஆ கூட்டத்தைக் கணக்கில் வையுங்கள்.

பணம் கட்டுமுன் முகவரிடம் கேட்க வேண்டியவை

1. டோப்காபிக்கு உள்ளே செல்லும் டிக்கெட் தொகையில் சேர்ந்திருக்கிறதா? ஹரமும் சேர்ந்ததா?
2. செல்லும் நாள் செவ்வாய் அல்லவே?
3. உள்ளே எத்தனை மணி நேரம்? காலையா, மாலையா?
4. உரிமம் பெற்ற வழிகாட்டி உண்டா? குழுவில் எத்தனை பேர்?
5. முதியவர்களுக்காகப் பேருந்து எவ்வளவு அருகில் நிற்கும்?
6. தொழுகைக்கும் ஒளூவுக்கும் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா?

பதில்களை வாய்ச்சொல்லாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். "பார்வையிடல்" என்று இருந்தால், "நுழைவுக் கட்டணத்துடன் உள்ளே சென்று பார்வையிடல்" என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிக்காக முகவரிடம் வற்புறுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு உம்மா ஒருவர், தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அந்த வாசலைக் கடந்து உள்ளே போக அது வழிசெய்யலாம்.

அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, அவற்றில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.