குளிரும் கலிங்கமும்

திண்டிவனத்தை ஒட்டியுள்ள கிடங்கில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் இரண்டு ஆடைகள் நம் கருத்தைக் கவர்கின்றன. ஒன்று, மூங்கிலின் உட்தோலை உரித்தாற்போன்று மெல்லியதாய்ப் பாணனுக்கு அவன் உடுத்தும் துகில். மற்றொன்று, பேகன் மயிலுக்கு ஈந்த கலிங்கம். மயிலுக்குத் தன் இறகே போதும். எனினும் அது குளிரில் நடுங்குவதாக எண்ணி இரங்கிய நெஞ்சைத் தமிழ் மரபு போற்றியது. மார்கழிப் பனியையே பெருங்குளிர் என்று கருதும் விழுப்புரத்து மக்களாகிய நம் ஆடையறிவு, வெயில் கற்பித்த அறிவு.

குளிர் உயிரையே கேட்கும் நிலத்தில் ஆடையைத் தேர்வது எங்ஙனம்? 1911இல் தென்துருவத்தை முதலில் அடையப் போட்டியிட்ட இரு குழுக்களின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

நார்வே நாட்டு அமுண்ட்சென் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1903 முதல் 1905 வரை, கனடாவின் வடகோடியில் நெட்சிலிக் இனுவிட் மக்களிடையே தங்கியிருந்தார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியை ஓட்டும் கலையோடு, அவர்தம் உடையையும் கற்றார். துருவமானின் தோலால் இரண்டு அடுக்குகள். உள்ளாடையின் மயிர் உடலை நோக்கியும், வெளியாடையின் மயிர் புறம் நோக்கியும் இருக்கும். அம்மயிரின் உட்புழைகளில் காற்று தங்கி வெப்பத்தைக் காக்கும். உடை தளர்வாக இருப்பதால் வியர்வை ஆவியாகி வெளியேறும். இவ்வறிவோடும் 52 நாய்களோடும் புறப்பட்ட ஐவர், 1911 டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்து நலமே திரும்பினர்.

இங்கிலாந்தின் ஸ்காட் குழுவினர் கம்பளியும், அதன்மேல் காற்றுப் புகாத காபர்டின் துணியும் அணிந்தனர். காபர்டின், நெருக்கமாய் நெய்த பருத்தி. இத்தேர்வை அறியாமை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. நெடுந்தொலைவு வண்டியைத் தாமே இழுத்தவர்களுக்குத் தோலாடை வியர்வைச் சிறையாகியிருக்கும். உழைப்பே அவர்தம் ஆடையை முடிவு செய்தது. ஆயினும் அவ்வுழைப்பின் ஈரம் உடையிலும் உறங்கும் பையிலும் பனிக்கட்டியாய் உறைந்தது. 1912 ஜனவரி 17இல் துருவத்தை அடைந்த ஐவரும், திரும்பும் வழியில் பசி, களைப்பு, குளிர் ஆகிய மூன்றாலும் மாண்டனர்.

அலாஸ்காவில் 1973 முதல் நடைபெறும் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்திலும் இதே சிக்கல்தான். வண்டியின் பின்னே அசையாது நிற்கையில் காற்று உறைய வைக்கும். மேட்டில் இறங்கி ஓடித் தள்ளுகையில் உடல் வியர்க்கும். ஆதலின் பல அடுக்குகளாய் உடுத்தி, வியர்க்குமுன் ஒன்றைக் களைவதும், நிற்கையில் மீண்டும் அணிவதும் வண்டியோட்டிகளின் வழக்கம். நமக்கு அருமருந்தான பருத்தி, அங்கே உடலை ஒட்டி அணியத் தகாதது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஆடையறிவு நூலில் மட்டும் பிறப்பதன்று. அந்நிலத்தில் தலைமுறைகளாய் வாழ்ந்தவர் கையில் இருப்பது. தோலைப் பதப்படுத்தித் தசைநாரால் தைத்த இனுவிட் பெண்களின் பெயர்கள் துருவ வரலாற்றில் பெரிதும் இடம்பெறவில்லை. அவர்களிடம் கேட்டுக் கற்றவர் உயிரோடு மீண்டார். குளிர்நாட்டார் வகுத்த கறுப்பு அங்கியைச் சித்திரை வெயிலிலும் அணியும் நம் நீதிமன்றங்களையும் பட்டமளிப்பு விழாக்களையும் காணும்போது, இப்பாடம் நமக்கும் உரியதே என்று தோன்றுகிறது.