குறைவானாலும் நிலையானது: அன்றாட நற்பழக்கங்களை வளர்ப்பது எப்படி?

ரமளானில் தராவீஹ் தொழுகைக்கு இடம் போதாமல் வெளிப்பள்ளி வரை ஸஃப்கள் நீளும். வீடுகளில் குர்ஆன் ஓதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஷவ்வால் பிறை பிறந்து சில வாரங்கள் ஆனதும் ஃபஜ்ர் ஜமாஅத்தில் ஒரு ஸஃப் நிறைவதே பல ஊர்களில் அரிதாகிவிடுகிறது. தினமும் ஓதிய குர்ஆன் மறுபடியும் அலமாரிக்குப் போய்விடுகிறது.

ஒரு மாதம் முழுக்கச் செய்ய முடிந்ததை அடுத்த மாதம் ஏன் தொடர முடியவில்லை? ஈமான் பலவீனம் என்று சொல்லி நம்மை நாமே நொந்துகொள்கிறோம். ஒரு நற்பழக்கத்தை எப்படித் தொடங்குவது, எப்படித் தக்கவைப்பது என்ற வழிமுறையைக் கவனிக்காததும் ஒரு காரணம். அந்த வழிமுறையை நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கும் குடும்பத்தாருக்கும் தெளிவாகக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

அளவை விடத் தொடர்ச்சியே முக்கியம்

அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமான அமல் எது என்று கேட்கப்பட்டபோது, குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு நூல்களிலும் இது இடம்பெற்றுள்ளது. முஹம்மத் (ஸல்) அவர்களின் குடும்பத்தார் ஓர் அமலைத் தொடங்கினால் அதில் நிலைத்திருப்பார்கள் என்ற தகவலும் முஸ்லிமில் உள்ளது.

இரவெல்லாம் தூங்காமல் தொழும் ஒரு பெண்மணியைப் பற்றி ஆயிஷா (ரலி) பெருமையாகச் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. தாங்க முடிந்த அளவுக்கே அமல் செய்யுமாறு அறிவுறுத்தினார்கள். இன்னொரு முறை பள்ளிவாசலில் இரு தூண்களுக்கு இடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. தொழும்போது சோர்ந்தால் பிடித்துக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) கட்டியது அது. அதை அவிழ்த்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், உற்சாகம் இருக்கும்வரை தொழுதுவிட்டு, சோர்வு வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார்கள்.

இரவுத் தொழுகையைத் தொழுது வந்து பிறகு அதை விட்டுவிட்ட ஒருவரைப் போல ஆகிவிட வேண்டாம் என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களையும் எச்சரித்தார்கள். அதிகமாக நோன்பு நோற்று வந்த அந்த நபித்தோழர் முதுமையில், நபி (ஸல்) அவர்கள் கொடுத்த சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார்.

ஆகவே, ‘இனி தினமும் ஒரு ஜுஸ்உ ஓதுவேன்’ என்று தொடங்கி ஒரே வாரத்தில் நிறுத்துவதை விட, தினமும் ஒரு பக்கம் ஓதுவது மேல்.

ஐந்து வக்துகளோடு இணையுங்கள்

நேரம் குறிக்காத பழக்கம் நிலைப்பதில்லை. ‘நேரம் கிடைக்கும்போது ஓதலாம்’ என்றால் அந்த நேரம் வராமலே போகும். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதால், ஒரு முஸ்லிமின் நாளில் ஐந்து இடங்கள் ஏற்கனவே உறுதியாகிவிட்டன. புதிய பழக்கத்தை அவற்றில் ஒன்றோடு சேர்த்துவிட்டால் தனியாக நினைவுபடுத்தத் தேவையில்லை.

மதீனா முஸ்ஹஃபில் 604 பக்கங்கள் உள்ளன. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒரு பக்கம் ஓதினால் நாளுக்கு 5 பக்கம். சுமார் 4 மாதத்தில் முழுக் குர்ஆனும் நிறைவடையும். 4 பக்கம் வீதம் ஓதினால் நாளுக்கு 20 பக்கம். ஒரு மாதத்தில் நிறைவடையும். முதல் அளவில் தொடங்கி, பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு நாளை இப்படி அமைத்துப் பார்க்கலாம்:

- ஃபஜ்ர்: எழுந்ததும் துஆ, உளூ, தொழுகை. பிறகு ஒரு பக்கம் குர்ஆன். அதுவரை கைப்பேசியைத் தொடாதிருப்பது.
- லுஹர்: கடையிலோ அலுவலகத்திலோ இருந்தாலும் தொழுகைக்குப் பின் சில நிமிட திக்ர்.
- அஸர்: பெற்றோர், உறவினர் ஒருவரையாவது விசாரிப்பது.
- மஃக்ரிப்: ஸலாம் சொல்லி வீட்டுக்குள் நுழைவது, பிள்ளைகளோடு சேர்ந்து ஓதுவது.
- இஷா: வீண் பேச்சையும் திரையையும் நிறுத்தி நேரத்தோடு உறங்குவது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதற்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். ஃபஜ்ர் தவறுவது பெரும்பாலும் முந்தைய இரவில்தான் தொடங்குகிறது.

இவை அனைத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒன்றை எடுத்து, அது இயல்பான பிறகு அடுத்ததைச் சேருங்கள்.

பழக்கம் வீட்டில்தான் வளர்கிறது

நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த சிறுவர் உமர் பின் அபீ ஸலமா (ரலி). சாப்பிடும்போது அவருடைய கை தட்டு முழுவதும் அலைந்தது. நபி (ஸல்) அவர்கள் அவரை அதட்டவில்லை. அல்லாஹ்வின் பெயர் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு சொல்லிக் கொடுத்தார்கள். அன்று முதல் தாம் அப்படியே சாப்பிட்டு வந்ததாக அவர் பிற்காலத்தில் தெரிவித்தார். ஒரே தட்டில் உடன் உட்கார்ந்து அன்போடு சொன்னது வாழ்நாள் பழக்கமாயிற்று. பிள்ளைகளை ஏவுவதற்கு முன் நாம் அவர்களோடு உட்கார வேண்டும்.

திருகை சுற்றிக் கை நொந்த ஃபாத்திமா (ரலி) பணியாளர் ஒருவரைக் கேட்டபோது, உறங்குமுன் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை சொல்லுமாறும் அது பணியாளரை விடச் சிறந்தது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அதன் பின் அதை ஒருபோதும் விட்டதில்லை என்ற அலீ (ரலி) அவர்களிடம், ஸிஃப்பீன் போர் இரவிலுமா என்று கேட்டதற்கு, அன்றும் விடவில்லை என்றார்கள்.

பர்ளு அல்லாமல் நாளுக்கு 12 ரக்அத் தொழுபவருக்குச் சொர்க்கத்தில் வீடு கட்டப்படும் என்ற ஹதீஸை அறிவித்த உம்மு ஹபீபா (ரலி), கேட்ட நாளிலிருந்து அதை விட்டதில்லை என்றார்கள். அவர்களிடம் கேட்டவரும், அவரிடம் கேட்டவரும், அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னதாக முஸ்லிமில் உள்ளது. நான்கு தலைமுறை அறிவிப்பாளர்களிடம் ஹதீஸோடு சேர்ந்து பழக்கமும் கைமாறியிருக்கிறது.

தந்தை வளைகுடாவில் இருக்கும் வீடுகளிலும் இது முடியும். தினமும் பேசும் அழைப்பில் ஐந்து நிமிடம் பிள்ளையை ஓதச் சொல்லிக் கேட்டாலே போதும்.

ஒரு நாள் தவறிவிட்டால்?

பல பழக்கங்கள் இங்கேதான் முறிகின்றன. ஒரு நாள் விட்டதும் ‘இனி என்ன’ என்ற எண்ணம் வருகிறது. உறக்கத்தாலோ நோயாலோ இரவுத் தொழுகை தவறினால் நபி (ஸல்) அவர்கள் பகலில் 12 ரக்அத் தொழுததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இரவில் வழக்கமாக ஓதுவதை உறக்கத்தால் தவறவிட்டவர் ஃபஜ்ருக்கும் லுஹருக்கும் இடையில் ஓதினால், இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்ற ஹதீஸும் உண்டு. தவறினால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடாமல் அன்றே ஈடுசெய்வதுதான் சுன்னத்.

மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லாவிட்டாலும் திக்ர், துஆ, ஸலவாத்துக்குத் தடையில்லை. அதே வக்துகளில் அவற்றைச் செய்து வந்தால் பெண்களுக்கும் பழக்கம் அறுபடாது.

ஓர் அடியார் நோயுற்றாலோ பயணம் சென்றாலோ, ஊரில் ஆரோக்கியமாக இருந்தபோது செய்து வந்த அமலின் நன்மை அவருக்கு எழுதப்படும் என்று புகாரியில் உள்ளது. இன்று உடல்நலத்தோடு செய்யும் சிறு பழக்கம், படுக்கையில் கிடக்கும் நாளிலும் நன்மையைச் சேர்க்கும். அதனால் இன்றைய இஷாவிலேயே ஒன்றைத் தொடங்குவோம். குறைவாகத் தொடங்கி அதில் நிலைத்திருப்போம்.

அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் குடும்பத்தாருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.