அடையாறு திரைப்படக் கல்லூரி: பாலிடெக்னிக்கில் தொடங்கிய சினிமாப் படிப்பு

இந்தியாவில் திரைப்படக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1960ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். பூனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி அமைந்த ஆண்டு அது. 1949இல் அமைக்கப்பட்ட எஸ். கே. பாட்டீல் குழு 1951இல் அளித்த அறிக்கையின் பரிந்துரை, ஒன்பது ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. ஆனால் அக்குழு கூடுவதற்கு முன்பே தென்னாட்டில் இரண்டு இடங்களில் மாணவர்கள் கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தனர். ஒன்று 1943இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக். மற்றொன்று 1940களின் நடுப்பகுதியில் இப்படிப்பைத் தொடங்கிய சென்னை மத்திய பாலிடெக்னிக். இரண்டும் பாலிடெக்னிக் என்பதால்தானோ என்னவோ, சினிமா வரலாற்றில் இவற்றுக்கு உரிய பக்கங்கள் ஒதுக்கப்படவில்லை.

சினிமாப் படிப்பு பாலிடெக்னிக்கில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து படம் பேசத் தொடங்கிய பின், ஸ்டூடியோவுக்குத் தேவைப்பட்டவர்கள் மின்னியலும் இயற்பியலும் தெரிந்தவர்கள். அக்காலத்து ஒலிப்பதிவு என்பது ஒலியை மின் அலையாக்கி, அதை ஒளியாக்கி, படச்சுருளின் ஓரத்தில் கோடாகப் பதிக்கும் வேலை. ஒளிப்பதிவாளருக்கு வில்லையின் கணக்கும், கழுவும் மருந்துகளின் வேதியியலும் வேண்டும். ஆகவே தொழில்நுட்பக் கல்வித் துறையின் கண்ணுக்கு இவை மின்பொறியியல், இயந்திரப் பொறியியல் போல மேலும் இரண்டு பட்டயப் படிப்புகளே. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு என்ற இரண்டு பிரிவுகளுடன் தொடங்கியதும் அதனால்தான். கதை சொல்வதைக் கல்லூரியில் கற்பிக்க முடியும் என்று அன்று யாரும் எண்ணவில்லை. இயக்கம், படத்தொகுப்பு முதலிய பிரிவுகள் பிற்பாடு சேர்ந்தன.

சென்னைப் படிப்பு பின்னர் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் பிலிம் டெக்னாலஜி’ என்ற பெயரில் தனி நிறுவனமாயிற்று. அது இருக்கும் இடம் தரமணி. ஆயினும் மக்கள் வாயில் ‘அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்’ என்றே நிலைத்துவிட்டது. ரஜினிகாந்த் நடிப்புப் பயிற்சி பெற்றது இங்கே என்று சிலர் எழுதுவது தவறு. அவர் படித்தது தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை நடத்திய வேறொரு பயிற்சி நிலையம்.

படிப்பில் பெரிய தடை படச்சுருள். 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். வண்ணச் சுருளுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த காலத்தில், அரசுக் கல்லூரி மாணவருக்குக் கிடைப்பது அளந்த அடிகள்தான். எனவே கேமராவை ஓடவிடுவதற்கு முன் ஒளியை அளந்து, தாளில் கணக்கிட்டு, ஒத்திகை பார்த்து முடிக்கும் பழக்கம் கட்டாயமாயிற்று. வசதிக் குறைவு என்று சொல்லப்பட்டாலும், இங்கிருந்து வந்த ஒளிப்பதிவாளர்களின் துல்லியத்துக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பட்டயம் கையிலிருந்தாலும் கோடம்பாக்கத்தின் கதவு எளிதில் திறக்கவில்லை. அங்கே தொழில் என்பது குருவிடம் உதவியாளராக ஆண்டுக்கணக்கில் நின்று கற்பது. படித்து வந்தவர் சங்க உறுப்பினராகி, மீண்டும் உதவியாளராகவே தொடங்க வேண்டும். ‘புத்தகத்தில் படித்தவனுக்கு லைட் தெரியுமா?’ என்ற ஏளனமும் இருந்தது.

இதற்கு விடை 1970களின் பிற்பகுதியில் கிடைத்தது. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பி. எஸ். நிவாஸ் அடையாற்றில் படித்தவர். ஸ்டூடியோவில் விளக்குகள் ஒளிப்பதிவாளரின் கட்டுப்பாட்டில் இருக்கும். கிராமத்து வெயிலோ யார் சொல்லையும் கேட்காது. தமிழ் சினிமா அரங்கை விட்டு வயல்வெளிக்குப் போனபோது, வெளிச்சத்தை அளந்து பழகியவரின் தேவை கூடியது. மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்துக்காகத் தேசிய விருது பெற்ற அசோக்குமாரும் இக்கல்லூரி மாணவரே. பெண்கள் ஒளிப்பதிவுப் பக்கம் வராத அக்காலத்தில் இங்கே அப்பாடத்தைப் படித்து, அசோக்குமாரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் சுஹாசினி. அதே படத்தில்தான் அவர் நடிகையாக அறிமுகமானார். தமிழ் சினிமாவுக்கு ஒரு நல்ல நடிகை கிடைத்தார். ஒரு பெண் ஒளிப்பதிவாளர் கிடைக்காமல் போனார்.

பெரிய உடைப்பு 1986இல் நிகழ்ந்தது. கல்லூரியின் முன்னாள் மாணவர்களான ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்க, ‘ஊமை விழிகள்’ வெளிவந்தது. யாரிடமும் நீண்டகாலம் உதவியாளராக இராத இளைஞர்களை நம்பி விஜயகாந்த் நடித்தார். படம் பெரும் வெற்றி. ‘பிலிம் இன்ஸ்டிடியூட் மாணவர்கள்’ என்ற சொல்லே விளம்பரமாக மாறியது. ‘உழவன் மகன்’ (1987), ‘செந்தூரப் பூவே’ (1988) ஆகியவை தொடர்ந்தன. அடுத்து வந்த ஆர். கே. செல்வமணி ‘புலன் விசாரணை’ (1990), ‘கேப்டன் பிரபாகரன்’ (1991) படங்களை இயக்கினார். முன்பு படித்தவர்களை வாசலில் நிறுத்திய தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெப்சிக்கே அவர் பின்னாளில் தலைவரானார்.

அதே 1986இல் ‘மௌன ராகம்’, மறு ஆண்டில் ‘நாயகன்’ என்று பி. சி. ஸ்ரீராம் வந்தார். ‘நாயகன்’ அவருக்குத் தேசிய விருதைத் தந்தது. ராஜீவ் மேனனும் இங்கே ஒளிப்பதிவு படித்தவர்.

பெங்களூர் பாலிடெக்னிக்கின் பெயரும் சிறியதன்று. அங்கே 1946இல் பட்டயம் பெற்ற வி. கே. மூர்த்தி, இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘காகஸ் கே பூல்’ (1959) படத்தின் ஒளிப்பதிவாளர். 2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது; ஒளிப்பதிவாளர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. அவரிடம் உதவியாளராக இருந்து இயக்குநரான கோவிந்த் நிஹலானியும் அதே பாலிடெக்னிக் மாணவர்.

சென்னைக் கல்லூரி இன்று எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரது முதல் படமான ‘சதி லீலாவதி’யை (1936) இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு வந்தவர். பட்டயப் படிப்புகள் இப்போது நான்கு ஆண்டுக் காட்சிக்கலை இளங்கலைப் பட்டமாக மாறியுள்ளன. படச்சுருளும் அடிக்கணக்கும் பாடத்திலிருந்து விலகிவிட்டன.