மூன்று மொழிக் கல்லும் ஒரு கணக்குக் கொப்பியும்

உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் பதினெட்டு மாணவருடன் ஒருநாள் காலிக்குப் போய் வந்தேன். இஷாத் தொழுதுவிட்டுக் கல்முனையில் பஸ் ஏறினோம். பொத்துவில், மொனராகலை, வெல்லவாய கடந்து அம்பாந்தோட்டையில் சுபஹுத் தொழுதோம். கடலோரத்திலேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக் கடலின் வரலாற்றைக் காட்ட இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறதே என்ற எண்ணம் வழியெல்லாம் என்னை உறுத்தியது.

முதலில் தெவிநுவரவில் இறங்கினோம். தமிழில் அதன் பழம்பெயர் தேனவரை. 1344இல் இவ்வழியே வந்த இப்னு பதூதா, இங்கிருந்த பெருங்கோயிலைப் பற்றி எழுதியிருக்கிறார். அடுத்து அவர் சென்ற ஊர் காலி. அங்கே தமக்கு விருந்தளித்தவர் நாகுதா இப்றாஹீம் என்கிறார். நாகுதா என்றால் கப்பல் தலைவன். அந்தக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தழித்தனர். இன்று அவ்விடத்தில் விஷ்ணு தேவாலயம் இருக்கிறது.

காலிக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் கட்டிய பழைய பண்டகசாலையில் கடல்சார் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய 'அவொண்ட்ஸ்டர்' என்ற ஒல்லாந்தக் கப்பலிலிருந்து சுழியோடிகள் பல பொருட்களை மீட்டனர். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி, கடல்சார் தொல்லியல் பிரிவின் கட்டடத்தையும், மீட்ட பொருட்களில் பலவற்றையும் கொண்டுபோனது. சேதமடைந்த அருங்காட்சியகம் 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், முந்நூறு வருஷம் கடலுக்குள்ள கிடந்து தப்பின சாமான், கரைக்கு வந்த பிறகா போச்சு?"

பதிலாக ஒரு கல்லின் கதையைச் சொன்னேன். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அக்கல்லைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டு வந்தார். அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லில் சீன மொழி புத்தரையும், தமிழ் தேனவரை நாயனாரையும், பாரசீகம் இஸ்லாத்தையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு என்று மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே. 1911இல் இதே காலி நகரில் மதகு ஒன்றை மூடிய பலகைக் கல்லாக அது கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றில் மிகவும் தேய்ந்து போனது பாரசீகப் பகுதிதான். மொழியால் தமிழராகவும் மார்க்கத்தால் முஸ்லிம்களாகவும் வாழும் நமக்கு அந்தக் கல்லில் இரண்டு பக்க உறவு உண்டு.

சொல்லி முடித்தபோது என் சொந்தக் குற்றம் நினைவுக்கு வந்தது. என் மூத்தவாப்பா தோணியில் நெல்லும் கொப்பறாவும் ஏற்றி வியாபாரம் செய்தவர். எந்தத் துறையில் என்ன இறக்கினார், யார் கடன் வைத்தார் என்பதெல்லாம் அவருடைய கணக்குக் கொப்பியில் இருந்தன. வரலாறு படிப்பிக்கும் நான் அதில் ஒரு பக்கத்தையேனும் பிரதி எடுத்து வைக்கவில்லை. அதுவும் அந்த ஞாயிறு காலை அலுமாரியோடு போய்விட்டது.

ஊர் திரும்பி மறு திங்கள் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டிலுள்ள மிகப் பழைய கடதாசியைத் தேடிப் பிரதி எடுத்து வாருங்கள். காணி உறுதி, கைக்கூலிச் சீட்டு, அரபுத் தமிழில் எழுதிய கடிதம் என்று பதினொரு பேர் கொண்டு வந்தார்கள். மற்ற ஏழு பேரும் சொன்னது ஒரே பதில்: "சுனாமியில போயிட்டு சேர்." அவர்களுக்கு வேறொரு வேலை கொடுத்திருக்கிறேன். மூத்தம்மாமாரிடம் கேட்டு எழுத வேண்டும்.