ரப்பருக்கு அடியில் ஒரு பயறு

ஐரோப்பாவில் குளிர்காலக் கோதுமையை வெறும் மண்ணில் விதைக்காமல், ஏற்கனவே படர்ந்து கிடக்கும் க்ளோவர் செடிக்குள் விதைத்துப் பார்க்கிறார்கள். க்ளோவர் நம் பயறு இனம்தான். மண்ணை மூடும், களையை அடக்கும், வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். இதற்கு உயிர் மூடாக்கு என்று பெயர். நான் வேலை பார்க்கும் நாட்டில் இதைப் புதுமை என்று பேசும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம்தான் வரும்.

கோதுமைக்கும் பாறசாலைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து கிழக்கே மலையைப் பார்த்துப் போனால் ரப்பர். ரப்பர் கன்றுகளுக்கு நடுவே விடும் தோட்டப்பயறு செய்வதும் இதே வேலைதான். அது வந்த கதையைச் சொல்கிறேன். பல விளைகளுக்கு அது வராமல் போன கதைதான் முக்கியம்.

திருவிதாங்கூரின் முதல் ரப்பர் தோட்டம் 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தொடங்கியது. அந்தக் காலத்தில் மலாயா, இலங்கைத் துரைமார்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தோட்டத்தில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது. அந்தப் புல்லைச் செதுக்கியவர்களில் பெரும் பங்கு, தமிழகத்திலிருந்து கப்பலேறிய கூலிகள். பலன்? சரிவுகளில் மழை அடித்ததும் மேல்மண் ஆற்றோடு போயிற்று.

பயறின் வேர் முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கிறது என்று ஜெர்மனியில் ஹெல்ரீகல் 1886-லேயே சொல்லிவிட்டார். தோட்டங்களுக்கு அது உறைக்க நாற்பது வருஷம் பிடித்தது. 1920, 30-களில்தான் மலாயாவிலும் டச்சுக்காரர்களின் சுமத்ராவிலும் பயறுக் கொடிகளை மூடாக்காக விடுவது பரவலானது. பின்னாளில் இங்கே 1947-இல் ரப்பர் வாரியமும், 1955-இல் கோட்டயத்தில் அதன் ஆராய்ச்சி நிலையமும் வந்தன. புவேரேரியா விதைக்கச் சொன்னார்கள். ஹெக்டேருக்கு 3, 4 கிலோ விதை போதும். கொடி கன்றின் மேல் ஏறாமல் அடியில் மட்டும் வட்டமாக வெட்டிவிட வேண்டும். நாலைந்து வருஷத்தில் மரங்கள் கூடியதும் நிழலில் பயறு தானே மாய்ந்து மண்ணுக்கு உரமாகும்.

இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் எல்லோரும் செய்யவில்லை?

விடை 1942-இல் இருக்கிறது. அந்த வருஷம் பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். மலாயா ரப்பர் கைவிட்டுப் போனதால் திருவிதாங்கூர் ரப்பருக்குக் கிராக்கி. பர்மா அரிசி நின்றதால் திருவிதாங்கூர் வயிற்றுக்குப் பஞ்சம். ஒரே யுத்தம், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்தது. அப்போது ஜனங்களைக் காப்பாற்றியது மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பிய கிழங்கு அது.

அரை ஏக்கர் வைத்திருப்பவன் ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். அதுவரை சாப்பிட வேண்டாமா? கன்றுகளுக்கு நடுவே மரச்சீனியும் வாழையும் வைப்பான். மரச்சீனி மண்ணை மூடுவதற்கு மாதங்கள் ஆகும். கிழங்கு பிடுங்கும்போது மண்ணும் இளகும். சரிவில் அடுத்த மழை அதைக் கொண்டுபோகும். அவனுக்கு இது தெரியாமலா இருக்கும்! தோட்டப்பயறை மனுஷன் தின்ன முடியாது. அதுதான் பிரச்சினை. பெரிய எஸ்டேட்டுக்குக் காத்திருக்க முதல் இருந்தது, அவனுக்கு இல்லை.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே எல்லை விழுந்தது. அந்தக் கணக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

கோதுமை வயலிலும் இதே கதைதான். மழை குறைந்த வருஷம் க்ளோவர் தண்ணீரைக் குடித்துவிடும், மகசூல் விழும். அந்த நஷ்டத்தை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. மண்ணை மூடச் சொல்லும் நிபுணர்கள், மூடுகிறவனின் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த யோசனை முழுசாகும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த மரச்சீனிக் காலத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.