தொடையில் வைக்கும் கரண்டுக்கு ஒரு வரலாறு



முழங்கால் லிகமென்ட் அறுந்து சத்திரசிகிச்சை செய்த பிள்ளைக்கு பிசியோதெரபியில் கரண்ட் வைத்தால், நம்மில் பலர் பயப்படுகிறோம். வேறு சிலர், கரண்ட் வைத்தால் போதும், பயிற்சி தேவையில்லை என்று நினைக்கிறோம். இரண்டுமே சரியல்ல. இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே ரோம வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வைக்கச் சொன்னார். 1200ஆம் ஆண்டளவில் எகிப்தில் இருந்த நம் அறிஞர் அப்துல் லதீஃப் அல்-பக்தாதி, பிடித்தவரை நடுங்கவைக்கும் நைல் நதி மீனைப் பற்றி எழுதினார். அதன் பெயர் 'ரஆத்'. இடியைக் குறிக்கும் 'ரஃத்' என்ற சொல்லும் அதே வேரில் வந்ததுதான். நாம் ஓதும் சூரத்துர் ரஃத் நினைவுக்கு வருகிறதல்லவா?

அது மின்சாரம் என்று அன்று யாருக்கும் தெரியாது. 1791இல் இத்தாலியின் கல்வானி, செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை எழுதி வெளியிட்டார். 1831இல் ஃபரடே மின்தூண்டலைக் கண்டுபிடித்தார். அந்த மின்னோட்டத்தைக் கொண்டு பிரான்ஸ் வைத்தியர் டுஷென், தோலின் மேலிருந்தே தசைகளைத் தனித்தனியாக இயக்கிக் காட்டினார். 1970களில் சோவியத் விஞ்ஞானி யாகோவ் கொட்ஸ், 10 செக்கன் கரண்ட், 50 செக்கன் ஓய்வு என்ற முறையை விளையாட்டு வீரர்களுக்குப் பயன்படுத்தினார்.

முழங்காலுக்கு இது ஏன் தேவை? மூட்டு காயப்பட்டு வீங்கும்போது, முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடலே குறைத்துவிடுகிறது. தசை சாகவில்லை, கட்டளைதான் முழுதாக வந்து சேரவில்லை. தோலில் வைக்கும் கரண்ட் அங்குள்ள நரம்பை நேரடியாகத் தூண்டித் தசையைச் சுருங்க வைக்கிறது.

1995இல் அமெரிக்காவில் 110 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. எல்லோருமே பயிற்சியும் செய்தார்கள். சிகிச்சை நிலையத்தில் பலமான கரண்ட் பெற்றவர்களின் தொடைக்கு, நல்ல காலின் பலத்தில் 70 வீதத்துக்குக் குறையாமல் திரும்பியிருந்தது. கரண்ட் இல்லாமல் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு 57 வீதம். பற்றரியில் இயங்கும் சிறிய கருவியின் மெல்லிய கரண்ட் பெற்றவர்களுக்கு 51 வீதம் மட்டுமே.

ஆகவே, விளம்பரத்தைப் பார்த்துக் கருவி வாங்கிக் கட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தால் கால் தேறாது. கரண்ட் தசையை எழுப்பிவிடும், நடக்கப் பழக்குவது பயிற்சிதான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்ததோடு கிளினிக் போவதை நிறுத்திய பிள்ளை நம் வீட்டில் இருந்தால், நாளைக்கே அழைத்துப் போவோம்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.