எட்டு முகப் படிகாரம்

திருவண்ணாமலை நாட்டு மருந்துக் கடைகளில் படிகாரம் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கருப்புக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிட வாங்குபவர்கள், சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்க வாங்குபவர்கள், கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க வாங்குபவர்கள். எப்போதாவது நான்காவதாக ஒரு பள்ளிப் பிள்ளை வரும். அதற்கு வேண்டியது கல் அல்ல, படிகம்.

கடையில் கிடைப்பது கட்டி. உடைத்துப் பார்த்தால் கண்ணாடித் தெளிவும் பால் வெண்மையும் மாறி மாறித் தெரியும். ஆலையில் சூடான கரைசலை ஆறவிட்டபோது எண்ணற்ற படிகங்கள் இடத்துக்கு முட்டி மோதி ஒன்றாக இறுகிய கூட்டம் அது. அதன் எடையில் 45 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். மீதி பொட்டாசியம், அலுமினியம், சல்பேட். பொட்டாஷ் உப்புக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியிருப்பதால், கல்லில் ஒரு பங்கு கடல் தாண்டி வந்ததாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே பொட்டாசியமும் அலுமினியமும் ஊருக்குப் பின்னால் நிற்கிற மலைப் பாறையின் ஃபெல்ஸ்பாரிலும் இருக்கின்றன. மலை அவற்றைச் சிலிக்காவோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறது, வெந்நீருக்கெல்லாம் அசையாது. படிகாரம் அசையும்.

வாங்கும்போதே ஒரு விஷயம் பார்க்க வேண்டும். குடிநீர்த் தொட்டிகளில் போடும் பழுப்பேறிய பாளமும் படிகாரம் என்றே விற்கப்படுகிறது. அது வெறும் அலுமினியம் சல்பேட். அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தாலும் இந்தப் படிகம் வராது. சவரக் கடையில் இருக்கும் கண்ணாடி மாதிரியான கல்தான் வேண்டும்.

கல் பொடியாகி வெந்நீரில் இறங்குகிறது. 30 டிகிரியில் நூறு மில்லி தண்ணீர் ஏறக்குறைய 16 கிராம் படிகாரத்தைத் தாங்கும். 50 டிகிரியில் 36 கிராம். இந்த இடைவெளிதான் முதலீடு. ஆறும்போது தண்ணீர் தாங்க முடியாததைக் கீழே தள்ளியாக வேண்டும். எங்கே, எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறது என்பதில் தரம் இருக்கிறது. கரைசலுக்குப் புளிப்பு உண்டு என்பதால் பித்தளை, அலுமினியப் பாத்திரம் கூடாது. ஊறுகாய் பாட்டில் போதும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டாமல் விட்டால், ஒவ்வொரு தூசியும் தானும் ஒரு படிகத்தைத் தொடங்கிவிடும்.

ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி வைத்தால் மறுநாள் அடியில் மூக்குத்திக் கல் அளவில் சிலது மின்னும். அதில் முகங்கள் ஒழுங்காக இருக்கிற ஒன்றுதான் விதை. மற்றவை திரும்பவும் வெந்நீருக்குப் போகும். விதையை மெல்லிய நைலான் நரம்பில் கட்ட வேண்டும். பருத்தி நூல் என்றால் அதன் பிசிறெல்லாம் படிகம் முளைத்து, நூலே கற்கண்டுக் குச்சியாகிவிடும். கரைசல் சரியாகத் தெவிட்டிய நிலையில் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் விதை கரைந்து நரம்பு மட்டும் மிஞ்சும். கூடினால் பாட்டிலின் அடியெல்லாம் படிகம் பூத்து, விதைக்கு வர வேண்டியதைத் தின்றுவிடும்.

எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் போதும். படிகம் வளர்கிறது என்றால், சத்தைக் கொடுத்துவிட்டு லேசான கரைசல் அதன் மேலிருந்து கானல் போல நெளிந்து மேலே ஏறும். கரைகிறது என்றால் அதே நெளிவு கனத்துக் கீழே இறங்கும். இந்த வேலையில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரியாது. முடிந்த படிகம்கூட இதற்கு அடுத்ததுதான்.

இறங்கும் நெளிவைத் திருவண்ணாமலையில் அதிகம் பார்க்க நேரும். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை பகலில் கொதித்து, விடிகாலையில் ஆறும். பகலில் படிகத்தின் விளிம்பு கரையும், இரவில் அவசரமாக ஒட்டும். அப்படி ஒட்டிய அடுக்குகளுக்குள் கரைசல் துளிகள் மாட்டிக்கொண்டு பால் படர்ந்தது போல் ஆகும். பாட்டிலை ஒரு வாளித் தண்ணீருக்குள் நிறுத்தி, வீட்டின் நடு அறையில் வைத்தால் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடங்கும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே இந்த ஊருக்கு ஏற்ற பருவம் என்பது என் கட்சி.

கிரிவலப் பாதையில் எட்டு லிங்கம், படிகாரத்துக்கு எட்டு முகம் என்று முடிச்சுப் போட ஆசை வரும். வேண்டாம். எட்டு முகத்துக்குக் காரணம் நேரானது. வேகமாக வளரும் முகம் தன்னையே முடித்துக்கொண்டு மறைந்துவிடும். மெதுவாக வளரும் முகங்கள்தான் கடைசிவரை நிற்கும். படிகாரத்தில் மெதுவானவை அந்த எட்டு.

இதே வேலையைத் தமிழ்நாட்டுக் கல்லூரி இயற்பியல் துறைகள் பல வருடங்களாகச் செய்கின்றன. பீக்கரின் வாயைத் துளையிட்ட தாளால் மூடி, தண்ணீர் மெல்ல ஆவியாகக் காத்திருந்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையமே 1982-இல் தொடங்கப்பட்டது. 2005-இல் கே. சங்கரநாராயணனும் பி. ராமசாமியும் ஒரு புது வழியை வெளியிட்டார்கள். கண்ணாடிக் குழாயின் அடியில் விதை, மேலே வெப்ப வளையம். கரைசல் மேலே ஆவியாக, படிகம் குழாயின் அகலத்துக்கே ஒரே திசையில் எழும்பும். இருவர் பெயரின் முதலெழுத்தால் உலக ஆய்விதழ்களில் அது எஸ்.ஆர். முறை. லேசருக்கு வேண்டிய படிகத்தை வேண்டிய திசையிலேயே வளர்த்துவிடுவதால், வெட்டி வீணாக்குவது குறைகிறது.

ஊறுகாய் பாட்டில் படிகத்துக்கு அந்த லட்சியம் இல்லை. அவசரப்படுத்தாமல் விட்டால் சில வாரங்களில் விரல் நுனி அளவைத் தாண்டும். வெளியே எடுத்ததும் கழுவாமல், துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் காட்டினால் கூர்முனைகள் முதலில் போகும். வறண்ட காற்றில் அது உள்ளே கட்டி வைத்த தண்ணீரைச் சிறுகச் சிறுக இழந்து மேலே வெளுக்கும் என்பதால், நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட்டுப் போட்டு வைப்பது வழக்கம். வாசலில் தொங்கும் கற்கள் வெளுப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. பழியெல்லாம் கண்திருஷ்டிக்கே போகிறது. பாட்டிலில் மிஞ்சிய கரைசலைக் கொட்டாமல் மூடி, பெயரெழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். தட்டிலிருந்து அடுத்த விதையை எடுக்க அதே போதும்.